மழை பெய்தால் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும் பழைய டிரக்

வெயில் நாளில் குறையில்லாமல் ஓடும் பழைய பெட்ரோல் டிரக், மழை பிடித்ததும் குலுங்கத் தொடங்கும். மேடு ஏறத் திணறும். சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். ஒர்க்‌ஷாப்பில் இதை ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்பார்கள். சிலிண்டர்களில் ஒன்றிரண்டில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றிக்கொள்ளாமல் அப்படியே வெளியேறுவதுதான் காரணம். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் லாரிகள் பெரும்பாலும் டீசல் வண்டிகள். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. அதனால் லாரிக்காரர்களுக்கு இந்த நோய் அவ்வளவாகத் தெரியாது. பெட்ரோல் அம்பாசடரும் ஜீப்பும் வைத்திருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் பிக்கப் டிரக்குகளே பெரும்பாலும் பெட்ரோலில்தான் ஓடுகின்றன. எனவே இந்தப் பழுதின் எல்லாக் குணங்களையும் அங்கே பார்க்கலாம். 1990களின் பிற்பகுதியில் வந்த செவர்லே சி/கே பிக்கப், அதன் 5.7 லிட்டர் ‘வோர்டெக்’ வி8 இன்ஜின், இதற்கு நல்ல உதாரணம்.

அந்த இன்ஜினில் எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு இக்னிஷன் காயில். பேட்டரியின் 12 வோல்ட்டை அது பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அந்த மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் வழியாக, அதன் மூடியான கேப்பில் உள்ள எட்டு முனைகளில் முறைப்படி ஒவ்வொன்றுக்கும் போய், அங்கிருந்து தனித்தனி ஒயர்களில் பிளக்குகளைச் சேர்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது அந்த ஒரு காயில் 8,000 முறை பொறி தர வேண்டும். இவ்வளவு அழுத்தமுள்ள மின்சாரம் பாடி எர்த்துக்குப் போக எந்தச் சந்து கிடைத்தாலும் விடாது. அதைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பது ஒயரின் ரப்பர் உறை, கேப்பின் பிளாஸ்டிக், பிளக்கின் பீங்கான் ஆகிய மூன்றுமே.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. சாலையிலிருந்து தெறிக்கும் நீர் அப்படியல்ல; மண்ணும் அழுக்கும் கலந்தது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் அது உப்பு நீராகவே இருக்கும். சூட்டில் வறண்டு மயிரிழை அளவு வெடித்த ஒயர் உறைக்குள் இந்த நீர் இறங்கினால், மின்சாரம் பிளக் வரை போகாமல் பக்கத்திலுள்ள இரும்பில் பாய்ந்துவிடும். அதாவது, பழுதை மழை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே இருந்த பழுதை வெளியே கொண்டுவருகிறது.

மழையிலும் ஐடிலிங்கில் சும்மா நிற்கும் வண்டி ஓரளவு ஒழுங்காகவே ஓடும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால்தான் உதறும். லோடு ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் முனையைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்ட் தேவைப்படுகிறது. எனவே மின்சாரம் சுலபமான கசிவுப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறது. பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒயர்களைக் குறை சொல்வதற்கு முன் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. வெள்ளைப் பீங்கானின் மேல் பென்சிலால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு நீளவாக்கில் இறங்கியிருந்தால், மின்சாரம் வெளிப்புறமாக ஓடியதற்கு அதுவே சாட்சி.

வோர்டெக் இன்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பழைய கேப்களில் ஒயர் முனைகள் வட்டமாக நிற்கும். இதில் கேப் தட்டையானது. ஒயர்கள் இரு பக்கமும் பிரிந்து போகின்றன. அதற்காக மின்பாதைகள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றுக்கொன்று நெருக்கமாகப் போகின்றன. கேப்புக்குள் இடைவிடாமல் பாயும் பொறி காற்றிலிருந்து ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகளோடு ஈரமும் சேர்ந்தால் அமிலமாகி முனைகளை அரிக்கும். அடியில் காற்றுப் போக வைத்த துளைகளை எண்ணெய்ப் பசையும் தூசும் அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கேப்பைக் கழற்றிக் கவிழ்த்தால் முனைகளில் பூத்த பொடி தெரியும். முனைக்கு முனை நெளிந்து ஓடும் கரிக்கோடு தெரிந்தால் அந்தக் கேப்பைத் துடைத்துப் பயனில்லை. கரி மின்சாரத்தைக் கடத்தும். காய்ந்த பிறகும் அந்தப் பாதை அங்கேயே இருக்கும்.

வாடிக்கையாளர் மழையில் தவித்துவிட்டு வெயில் நாளில் வண்டியைக் கொண்டுவருவார். ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் அருமையாக ஓடும். பிறகு தெரிந்த பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் செலவு தொடங்கும். அதைத் தவிர்க்க மழையை ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே உண்டாக்குவதுதான் வழி. இருட்டான இடத்தில் பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் மெல்லிய தூறலாக அடிக்க வேண்டும். முதலில் காயில், பிறகு கேப், அதன் பின் ஒயர்கள், ஒரு சமயத்தில் ஒரே ஒரு இடம். மொத்தமாக நனைத்துவிட்டால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடும். டிக் டிக் என்று சத்தமும் கேட்கும். ஐடிலிங்கில் எதுவும் தெரியாவிட்டால், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி கியரில் போட்டுச் சில விநாடி மட்டும் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுக்கலாம். அப்போது வண்டியின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஓடும் இன்ஜினின் ஒயர்களைக் கையால் தொடுவது ஆபத்து; பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தச் சோதனையிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். எங்காவது பெட்ரோல் கசிகிறதா என்பதையும் முன்னதாகவே பார்த்துவிட வேண்டும்.

ஓம் மீட்டரை மட்டும் நம்பி ஒயர்களுக்கு நற்சான்று கொடுப்பது பலர் செய்யும் பிழை. ஒயர் உள்ளே அறுந்திருந்தால் மீட்டர் காட்டும். உறை வெடித்திருப்பது அதற்குத் தெரியாது. சில வோல்ட்டில் வேலை செய்யும் மீட்டரால், பல்லாயிரம் வோல்ட்டில் மட்டும் ஏற்படும் கசிவை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற கார்களிலும் இலகுரக டிரக்குகளிலும் ஓபிடி-2 என்னும் கண்காணிப்பு முறை கட்டாயமாக உண்டு; ஸ்கேனர் பொருத்தினால் பி0300 என்ற குறியீடு பல சிலிண்டர்களிலும் மிஸ்ஸிங் என்று சொல்லும். பி0305 வந்தால் ஐந்தாவது சிலிண்டர், பி0307 வந்தால் ஏழாவது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ஒயர்கள் போகும் வழியைப் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினில் பொறி பாயும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பவை. பொறியும் அடுத்தடுத்துத்தான் பெறுகின்றன. அவற்றின் ஒயர்கள் உரசியபடி ஒன்றாக ஓடினால், ஐந்துக்குப் போகும் மின்சாரம் ஏழுக்குத் தாவி, அங்கே 90 டிகிரி முன்னதாகவே பொறி வைத்துவிடும். இரண்டு ஒயரையும் கிளிப் போட்டுப் பிரித்து வைப்பது பைசா செலவில்லாத வேலை.

நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் டபிள்யூடி-40 அடித்து ஒயர்களை உலர்த்துவது உண்டு. 1953இல் சான் டியகோவில் உருவான அந்தத் திரவத்தின் வேலையே நீரை விலக்குவதுதான். ஆனால் அது தீப்பற்றக்கூடியது. இன்ஜினை நிறுத்தி, சூடு தணிந்த பிறகே அடிக்க வேண்டும். வீடு போய்ச் சேர உதவுமே தவிர, பழுதைச் சரிசெய்யாது.

சோதனையில் கசிவு தெரிந்தால் பிளக், ஒயர், கேப், ரோட்டார் நான்கையும் ஒரே முறையில் மாற்றுவது புத்திசாலித்தனம். நான்கும் ஒரே வயதில் தேய்ந்தவை. ஒயர் முனையின் ரப்பர் தொப்பிக்குள் சிலிகான் கிரீஸ் தடவினால் ஈரம் புகாது. அதன் பின்னும் மழையில் உதறினால் காயிலையும், சென்சார் கனெக்டர்களில் ஏறிய களிம்பையும் பார்க்கலாம். 1997 மாடல் ஃபோர்டு எஃப்-150இன் 5.4 லிட்டர் இன்ஜினைப் போல, பிளக்குக்கு ஒரு காயில் என்று வைத்த வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. அங்கே பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் தொடர்ந்து ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். கன்வர்ட்டரின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு செட் ஒயரும் கேப்பும் மாற்றும் செலவு சொற்பமே.