தறிக்குழியில் தண்ணீர் புகாத ஊர்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் மத்திய அரசின் ‘ஸ்மார்ட் சிட்டி’ பட்டியலில் இந்த ஊர் இடம்பெறவில்லை. ஒரு நகரத்தை ‘ஸ்மார்ட்’ ஆக்குவது எது என்று கேட்பவர்கள், பட்டியலுக்கு வெளியே இருக்கும் இந்த நெசவூரையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. நாடு முழுவதும் 100 நகரங்கள். மத்திய அரசின் பங்காகத் திட்டமிடப்பட்ட தொகை 48,000 கோடி ரூபாய். தமிழகத்தில் சென்னை, கோவை, மதுரை உள்ளிட்ட 11 நகரங்கள் தேர்வாயின. ஆரணிக்குப் பக்கத்து ஊரான வேலூரும் அவற்றில் ஒன்று. பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் திட்டம் முடிந்தது.

ஸ்மார்ட் சிட்டிக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரையறை கிடையாது என்று அந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளே தொடக்கத்தில் சொல்கின்றன. குடிநீர், மின்சாரம், கழிவகற்றல், பொதுப் போக்குவரத்து, எளியோருக்கு வீடு ஆகியவற்றை அடிப்படைத் தேவைகளாக அவை வரிசைப்படுத்தின. நடைமுறையில் அதிகம் பேசப்பட்டவை கேமராக்களும், பெரிய திரைகள் கொண்ட கட்டுப்பாட்டு மையங்களும்தான்.

நல்ல பலன்களும் கிடைத்தன. கோவையில் உக்கடம் பெரியகுளத்தின் கரை மக்கள் நடமாடும் இடமாயிற்று. தஞ்சாவூரில் அய்யன்குளம் சீரமைக்கப்பட்டு, குளத்துக்கு நீர் கொண்டுவந்த பழைய நிலத்தடி வாய்க்காலும் மீட்கப்பட்டது. முன்னோர் அமைத்த நீர்வழியைத் தேடிக் கண்டுபிடித்ததும் அறிவார்ந்த வேலைதான்.

சென்னை தியாகராய நகர் வேறொரு பாடம் சொன்னது. அங்குள்ள பாண்டி பஜாரில் இத்திட்டத்தின்கீழ் அமைந்த அகலமான நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டு, பலரின் பாராட்டைப் பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 2021 நவம்பர் மழையில், தி.நகரின் பல தெருக்கள் வெள்ளத்தில் நின்றன. ஸ்மார்ட் சிட்டி பணிகள் குறித்து அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. தரைக்கு மேலே தெரிவதற்குக் கிடைக்கும் கவனம், தரைக்குக் கீழே ஓடும் வடிகாலுக்கும் கிடைத்தாக வேண்டும்.

நெசவாளரைக் கேட்டால் இதை உடனே ஒப்புக்கொள்வார். கைத்தறி நெசவில் பலர் இன்னும் குழித்தறியில்தான் உட்காருகிறார்கள். வீட்டுக்குள்ளே தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி மிதிகட்டைகளை மிதித்தபடி நெய்வார்கள். மழைநீர் வடியாமல் தேங்கினால் குழியில் ஊற்றெடுக்கும், தறி நிற்கும், நெசவு நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. மற்ற ஊர்களில் வடிகால் என்பது சுகாதாரப் பிரச்சினை. நெசவுத் தெருவில் அது வருமானப் பிரச்சினையும்கூட.

தெருவும் அப்படித்தான். நெசவூர்களில் அதிகாலையில் பாவு எனும் நெடுக்கு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பது நெடுநாள் வழக்கம். வண்டிகளுக்காக மட்டுமே சாலையை அளக்கும் பொறியாளர் கண்ணுக்கு, அந்தத் தெரு ஒரு பணிக்கூடமும்தான் என்பது தெரியாது.

சாயநீர் அடுத்த கேள்வி. திருப்பூரில் நொய்யல் ஆறு கெட்டபின், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு அந்த நகரம் பெரும் செலவு செய்து மாற நேர்ந்தது. ஆற்றங்கரை நெசவூர் எதுவும் அந்த அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தொழிலை மனத்தில் வைத்துத் தீட்டிய திட்டத்துக்கு முன்மாதிரி தமிழகத்திலேயே உண்டு. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. நெசவாளர் வீடு பணிக்கூடமும்தான் என்று அரசு கணக்கில் எடுத்துக்கொண்டதால் கிடைத்த சலுகை அது.

அதே கணக்கை நகராட்சியும் போடலாம். எந்தெந்த வீட்டில் குழித்தறி இருக்கிறது, எந்தத் தெருவில் பாவு ஓடுகிறது, சாயநீர் எங்கே போய்ச் சேருகிறது என்று வார்டு வாரியாக ஒரு வரைபடம் தயாரிக்கலாம். அதற்கு விலை உயர்ந்த சென்சார் வேண்டியதில்லை; செல்பேசியும், கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் பதிவேடும், தெருத்தெருவாக நடக்கும் ஊழியர்களும் போதும். அடுத்த மழைநீர் வடிகாலுக்கு மட்டம் குறிக்கும் முன்பு, அந்தத் தெருவின் தறிக்குழிகளுடைய ஆழத்தைப் பொறியாளர் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.