முன்னொட்டின் பிறப்பு

பாண்டவர் பன்னீராண்டு வனத்திற் கழித்தபின், விராடன் நகரிற் பிறரறியாது உறைந்த ஓராண்டினை அஞ்ஞாதவாசம் என்பர். அஞ்ஞாதமாவது அறியப்படாதது. இதன்கண் ஞா என்பது அறிதற்பொருட்டாய வடமொழிப் பகுதி. முன்னின்ற அகரமே அதனை மறுப்பது. இப்பொருளிற் கிரேக்கர் அக்னோத்தொஸ் என்றனர். இலத்தீனர் இக்னோதுஸ் என்றனர். ஆங்கிலர் அன்னோன் என்கின்றனர். நான்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஞா, க்னோ, நோ என்பன ஒரே பகுதியின் திரிபுகளாதல்போல, அவற்றின் முன்னுள்ள எதிர்மறை யொட்டுக்களும் ஒன்றன் திரிபுகளேயாம். இந்து-ஐரோப்பிய மூலமொழியில் அது உயிர்போல் நின்றொலித்த நகரமெய் என்பர் மொழிநூலார். வடமொழியிலும் கிரேக்கத்திலும் மெய்க்கு முன்னர் அந்நகரம் தேய்ந்து அகரமாயிற்று; உயிர்க்கு முன்னரோ மறைந்திலது. அநாதி, அநேகம் என நாம் நாடோறும் வழங்குஞ் சொற்களில் இன்றும் அதனைக் காணலாம்.

இவ்வகரம் கற்றோரையும் மயக்கியதுண்டு. இருக்கு வேதத்தில் வருணன் முதலிய தேவரே அசுரர் எனப் போற்றப்பட்டனர். பாரசீகரின் அவெஸ்தாவிற் கடவுட்பெயராய் வரும் அகுர என்பதும் அச்சொல்லே. பின்னர் அது பகைவர்க்குரிய பெயராயிற்று. அதன் முதலகரத்தை எதிர்மறையெனப் பிறழவுணர்ந்தோர், அதனை நீக்கித் தேவர்க்குச் சுரர் என்னும் புதுப்பெயர் படைத்தனர். இல்லாத முன்னொட்டை வெட்டியதனால் ஒரு சொற் பிறந்த விந்தை இது!

எம் நண்பரொருவர், அறிவியல் பயில்பவர், "தமிழில் முன்னொட்டில்லை, ஆதலிற் கலைச்சொல்லாக்கம் அரிது" என வாதித்தார். ஹ்ரு என்னும் ஒரு பகுதியினின்று ஆகாரம், சங்காரம், பரிகாரம் என உணவும் அழிவும் தீர்வும் பிறத்தல் உண்மையே. ஆயின் அவ்வுபசர்க்கங்கள் வேதமொழியில் வினையினின்று பிரிந்தும் நின்றன. ஓமரின் கிரேக்கத்தும் அவ்வாறே. தனிச்சொல்லாய் இருந்தவையே நாளடைவில் ஒட்டாய்க் குறுகின. தமிழிலோ மேல், உள், எதிர் முதலியன தம் முழுவடிவிலேயே நின்று, கோள் என்பதனோடு கூடி மேற்கோள், உட்கோள், எதிர்கோள் எனப் பொருள் வேறுபடுக்கின்றன. இது வறுமையாமாறு எங்ஙனம்?

எதிர்மறையிற்றான் தமிழ் வேற்றுநெறி செல்கின்றது. அறியாமை என்புழி மறுப்புணர்த்தும் ஆகாரம் பகுதிக்குப் பின்னரே வரும். அஃறிணையில் அல் முன்னின்றதே எனின், அது ஒட்டன்று. அல்லன், அல்லள், அல்ல எனப் பால்காட்டி வருவதொரு வினைப்பகுதி. முன்னிடைச் சொற்களுக்கு ஈடாகத் திராவிட மொழிகள் பின்வருஞ் சொற்களையே ஆளுதலைக் கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார்.

நண்பர் தம் இரசாயன நூலைத் திறந்து, "உலோகம், அலோகம் என உகரமும் அகரமும் எதிரெதிர் நிற்கின்றனவே, இவை தமிழ் முன்னொட்டுக்களல்லவோ?" என வினவினார். யாம் நகைத்தோம். லகரம் தமிழில் மொழிமுதலாகாமையின், லோகம் என்னும் வடசொற்கு நாவெளிமை கருதி முன்வைத்ததே உகரம், அதற்குப் பொருளில்லை. அலோகத்தில் வடமொழி எதிர்மறை யகரமே முதனின்றமையின் உகரம் வேண்டப்படவில்லை. நண்பரும் சுரரைப் படைத்தோரின் வழியிலேயே சென்றனர் போலும்!