ஒரே பானைச் சோறு: யார் எவ்வளவு சாப்பிட்டாங்க?

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டவங்க குழுவாச் சேர்ந்து பொங்கி, வரிசையா உட்கார்ந்து சாப்பிடுவாங்க. பானையில எத்தனை படி அரிசி போட்டோம்னு ஆக்குனவர் சொல்லிடுவார். ஒவ்வொருத்தர் வயித்துக்குள்ளயும் எவ்வளவு போச்சுன்னு அவரால சொல்ல முடியாது. திருச்செந்தூரைத் தாண்டிக் காயல்பட்டினம் போனால், விருந்தில் சிலர் சேர்ந்து ஒரே சஹன் தட்டில் சாப்பிடுவார்கள். அங்கே கணக்கு இன்னும் கஷ்டம்.

நம்ம வீடும் இப்படித்தான். நஞ்சில்லாமல் விளைவித்த அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வருது. ஆனால் அது யாருக்குப் போய்ச் சேருது?

அரசின் நுகர்வுக் கணக்கெடுப்புகள், வீட்டுக்கு எவ்வளவு வாங்கினீர்கள், சொந்த விளைச்சலில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டு, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடும். இதில் ஒரு சிக்கல். அறுவடைக்கு வந்தவங்களுக்கு நாம சோறு போட்டால், அது நம்ம வீட்டுச் செலவாகத்தான் பதிவாகும். சாப்பிட்டவங்க வீட்டுக் கணக்கில் வராது.

தலைக்கு வகுப்பதற்குப் பதிலாக ‘நுகர்வு அலகு’ என்று ஒரு முறையும் உண்டு. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 1. கடும் உழைப்பு ஆணுக்கு 1.6, பெண்ணுக்கு 1.2. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு 0.8. எட்டு வயசுப் பிள்ளைக்கு 0.7, நாலு வயசுக்கு 0.5. அப்பா, அம்மா, பாட்டி, இந்த இரண்டு பிள்ளைகள் என்றால் மொத்தம் 4.8 அலகு. ஒரு நாளைக்கு 1,440 கிராம் அரிசி பொங்கினால், அலகுக்கு 300 கிராம். நாத்து நடும் அம்மாவுக்கு 360 கிராம்.

இங்கேதான் கவனிக்கணும். அந்த 360 கிராம் அம்மாவுக்குச் சேர வேண்டிய பங்கு. அவங்க சாப்பிட்ட பங்கு இல்லை. எல்லாருக்கும் போட்டு முடித்துக் கடைசியில் உட்காருகிறவங்களுக்குச் சட்டியில் வெஞ்சனம் மிஞ்சியதா, வெறும் ரசம்தானா என்பதை வகுத்தல் கணக்கு சொல்லாது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கீழ் 1972-இல் தொடங்கிய கண்காணிப்பு அமைப்பு, அளவுக் கிண்ணங்களைக் காட்டி, “நேத்து நீங்க எவ்வளவு சாப்பிட்டீங்க?” என்று தனித்தனியாகவும் கேட்டது. அதிலும் ஞாபகப் பிசகு வரும். நிறுத்துப் பார்ப்பதே திருத்தமான வழி.

வீட்டிலேயே செய்யலாம். சமைக்கும் முன் அரிசியை நிறுங்க. வெந்ததும் சோற்றை நிறுங்க. ஒரு கிலோ அரிசி மூணு கிலோ சோறானால், தட்டில் இருக்கும் 450 கிராம் சோறு 150 கிராம் அரிசி. மறுசோறு வாங்கினால் சேர்க்கணும், மிச்சம் வைத்தால் கழிக்கணும். 200 கிராம் பருப்பில் இரண்டு கிலோ சாம்பார் என்றால், 150 கிராம் சாம்பாரில் 15 கிராம் பருப்பு. நல்லாக் கலக்கி ஊத்துங்க. இல்லன்னா பருப்பு அடியில் தங்கிடும். ஒரே தட்டில் பலர் கை வைத்தால், ஆளுக்கு எத்தனை கவளம் என்று எண்ணி, அவரவர் கவளம் இரண்டு மூன்றை நிறுத்துச் சராசரி எடுக்கலாம்.

ஒரு நாள் போதாது. வேலை நாளும் ஓய்வு நாளுமாக மூணு நாள் பாருங்க. ஒரு எச்சரிக்கை: தராசைப் பார்த்ததும் அம்மா அன்றைக்கு மட்டும் கூடப் போட்டுக்குவாங்க. அதனால முதல் நாள் கணக்கை நம்பாதீங்க.

கணக்கில் அம்மாவின் தட்டு இளைத்திருந்தால், அதற்கு உரமோ விதையோ மருந்தில்லை. பருப்பும் கீரையும் தீருமுன்னே அவங்க பங்கை எடுத்து வைங்க. முடிஞ்சா எல்லாரும் ஒண்ணா உட்காருங்க.