கயிறும் பாம்பும்

கயிற்றைப் பாம்பென்று மயங்குவதைப் பற்றி வேதாந்திகள் நிரம்பச் சொல்லியிருக்கிறார்கள். பாம்பு கடித்த பிறகு கயிறு செய்யும் அநர்த்தத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதை நாம் நேரிலேயே கண்டு தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

2019-ம் வருஷம் ஐப்பசி மாதம். தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். மாணவன் ஒருவனுடைய தகப்பனாரை வரப்பில் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டதென்று ஆள் வந்து சொன்னான். பையனோடு நாமும் ஓடினோம். திண்ணையில் அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கணுக்காலுக்கு மேல் ஒரு கட்டு, முழங்காலுக்குக் கீழ் ஒரு கட்டு. இரண்டும் மாடு கட்டுகிற கயிறு. கடிவாயைப் பிளேடினால் கீறியிருந்தார்கள். மந்திரிப்பவரை அழைத்துவர ஆள் போயிருந்தது. வண்டிக்குச் சொல்லத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஸார், இன்னும் இறுக்கிக் கட்டட்டுமா?" என்று பையன் நம்மைக் கேட்டான்.

"கட்டு" என்றோம். பட்டம் பெற்றவர் சொன்ன வார்த்தையாயிற்றே! அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். கயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தது. ஆனால் உடனே அவிழ்க்கவில்லை. முதலில் கையில் ஊசி செருகி, மருந்துகளையெல்லாம் தயாராக வைத்துக் கொண்டார். கட்டுக்குக் கீழே தேங்கிய விஷம், கட்டைத் திடீரென்று அவிழ்த்தால் ஒரேயடியாக உடம்பில் பாயக்கூடும் என்றார். அதுவரை ரத்த ஓட்டமின்றித் தவிப்பதோ கால். விரியனின் விஷம் தசையை அழிக்கவல்லது. அதைக் கட்டி ஓரிடத்தில் நிறுத்துவது, அழிவை அங்கேயே குவிப்பதாகும்.

பிறகு கொஞ்சம் ரத்தம் எடுத்து, புதிய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்தார். சாய்த்துப் பார்த்தால் தண்ணீராகவே ஓடிற்று. அந்த விஷம் ரத்தத்தின் உறையும் சக்தியைப் போக்கிவிடுகிறது. இத்தகைய உடம்பில் பிளேடினால் கீறினால் என்ன ஆகும்? கீறிய இடம் நிற்காமல் கசிந்து கொண்டிருந்தது. டெட்டனஸ் ஊசியைக்கூட ரத்தம் உறையத் தொடங்கிய பின்னரே போட்டார். கொப்புளங்களை உடைக்கவில்லை.

விஷமுறிவு மருந்தைக் கடிவாயைச் சுற்றிக் குத்துவதில்லை. நரம்பு வழியாகவே செலுத்துகிறார்கள். முதலில் 8 முதல் 10 குப்பிகள். குழந்தைக்கும் அதே அளவுதான். குழந்தையாயிற்றே என்று பாம்பு விஷத்தைக் குறைத்துக் கக்குவதில்லை அல்லவா? மருந்தே சிலருக்கு ஒவ்வாமற் போவதால், அட்ரினலின் ஊசியும் அருகில் தயாராக இருக்கும்.

இம்மருந்தின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. 1890-களில் ஆல்பெர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டர் வளர்த்த முறை இது. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்தை எடுக்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தைத் தருபவர்களில் நம் நாட்டு இருளர்கள் முக்கியமானவர்கள். தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அத்தொழில் நலிந்தது. 1978-ல் மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பிடித்த பாம்புகளை மண் பானைகளில் வைத்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான்.

இவற்றில் நாம் மிகவும் அஞ்சுவது கட்டுவிரியனை. தரையில் உறங்குபவரை நள்ளிரவில் தீண்டும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. பற்குறிகூடத் தெரியாமற் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள், இமைகள் தாமாகத் தொங்கும், நாக்குக் குழறும். அஜீரணமென்று கஷாயம் காய்ச்சுவதற்குள் மூச்சு நின்றுவிடக்கூடும். கட்டிலும், ஓரம் செருகிய கொசுவலையும் இதற்கு நல்ல காப்பு.

2000 முதல் 2019 வரை நம் தேசத்தில் பாம்புக் கடியினால் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் மாண்டதாக ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக் கடியை அரசாங்கத்துக்கு அவசியம் அறிவிக்க வேண்டியவற்றுள் சேர்த்தார்கள்.

வீட்டிலுள்ளோர் செய்யத்தக்கது கொஞ்சமே. மெட்டி, கொலுசு, மோதிரங்களைக் கழற்றுவது. வீங்கிய பிறகு அவையும் கயிறுதான். எலும்பு முறிந்தால் செய்வதுபோல் தப்பை வைத்து, ரத்த ஓட்டம் தடைபடாமல் தளரக் கட்டுவது. நடக்க விடாமல் தூக்கிச் செல்வது. 108-க்குச் சொல்வது, வண்டி தாமதித்தால், மோட்டார் சைக்கிளில் இருவர் நடுவே உட்கார்த்தியாவது கொண்டு போவது. பாம்பைத் தேடி அடிப்பதில் ஒரு நிமிஷமும் போக்கலாகாது.

அந்தத் தகப்பனார் பிழைத்தார். வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. "விஷத்தினாலா, கயிற்றினாலா?" என்று டாக்டரைக் கேட்டோம். "இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, ஸார்" என்றார். இப்பொழுதும் அவர்கள் வீட்டுப் பக்கம் போனால், ஒரு டம்ளர் காப்பி கொடுக்காமல் அவர் நம்மை விடுவதில்லை. இன்னும் இறுக்கச் சொன்னது யாரென்று அவருக்குத் தெரியாது. பையனுக்குத் தெரியும்.