சொந்த வியாபாரம் தொடங்கியாச்சு... அது கண்ணுக்கு எப்படித் தெரியணும்?

தீபாவளிக்கு வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போன வாரப் பதிவு ஊதா நிறத்தில். இந்த வாரம் பச்சை. டப்பா ஸ்டிக்கரில் ஓர் எழுத்து, வாட்ஸ்அப் விலைப் பட்டியலில் வேறோர் எழுத்து.

"போன வருஷம் வாங்கின முறுக்கு சூப்பர். ஆனா யார்கிட்ட வாங்கினோம்?"

வாடிக்கையாளர் இப்படிக் கேட்டால், நஷ்டம் உங்களுக்குத்தான். அதைத் தவிர்க்க உதவுவதே காட்சிப் பாணி.

லோகோ மட்டும் போதாதா?

போதாது. லோகோ ஒரு பகுதிதான். நிறம், எழுத்துரு, படம் எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி வந்தால்தான், பெயரைப் படிக்கும் முன்பே "இது அவங்க கடை" என்று தெரியும்.

எதையெல்லாம் முடிவு செய்யணும்?

நிறம்: இரண்டு, மூன்று போதும். "மஞ்சள்" என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு மஞ்சள் வரும். நிறத்தின் 6 இலக்கக் குறியீட்டைக் குறித்து வையுங்கள். திரையில் நிறம் ஒளியால் உருவாகிறது, காகிதத்தில் மையால். அதனால் கைபேசியில் பளிச்சென்று இருப்பது ஸ்டிக்கரில் மங்கலாம். 500 ஸ்டிக்கர் அச்சிடும் முன் ஒன்றை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள்.

எழுத்துரு: கடைப் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறதா? இரண்டையும் சேர்த்தே வடிவமையுங்கள். ஆங்கிலத்தில் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் தமிழை ஓரத்தில் நுழைத்தால், ஒட்டாமல் நிற்கும். தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் அதிக இடம் எடுக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் எல்லா எழுத்துருவையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்த முடியாது. உரிமத்தைப் படியுங்கள். கூகல் ஃபாண்ட்ஸில் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்றவற்றை வர்த்தகத்துக்கும் பயன்படுத்தலாம்.

படம்: ஒரே மாதிரி வெளிச்சம், ஒரே மாதிரி பின்னணி. ஜன்னலோரம் ஒரு மேசை போதும்.

லோகோ: இன்ஸ்டாகிராமின் சின்ன வட்டத்துக்குள் அது புரிகிறதா? புரியாவிட்டால் கோடுகளைக் குறையுங்கள்.

பெயரை வேறு யாராவது எடுத்துக்கொண்டால்?

சிங்கப்பூரில் அக்ராவிடம் வர்த்தகப் பெயரைப் பதிவு செய்வது வேறு. வணிக முத்திரை உரிமை வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாகக் கிடைத்துவிடாது. வணிக முத்திரையைச் சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்யணும். அந்தப் பாதுகாப்பு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். லோகோவுக்குப் பணம் செலவழிக்கும் முன், அதே மாதிரிப் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இப்போது என்ன செய்யலாம்?

நிறக் குறியீடு, எழுத்துருப் பெயர், லோகோ, ஒரு மாதிரிப் படம். நான்கையும் ஒரே பக்கத்தில் போட்டுக் கைபேசியில் சேமித்துவிடுங்கள். நாளைக்குத் தங்கச்சி உங்களுக்காகப் பதிவு போட்டாலும், அது உங்கள் கடையாகவே தெரியும்.