பிக்அப் வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டுதா? சீல் மட்டும் மாற்றினால் போதுமா?

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால், 'டாப்-அப் பண்ணிக்கலாம்' என விட்டுவிடக் கூடாது. கசிவு கிளட்ச் பிளேட்டை நனைத்தால், லோடோடு மேடு ஏறும்போது கிளட்ச் வழுக்கும்.

எந்த ஆயில்?

கறுப்பாக, நீர்த்து இருந்தால் இன்ஜின் ஆயில். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் போயிருக்கலாம். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். இன்புட் ஷாஃப்ட் சீலைப் பார்க்கணும்.

ஏன் செலவு அதிகம்?

சீல் விலை குறைவுதான். ஆனால், இரண்டுக்குமே கியர் பாக்ஸை இறக்கணும், கூலிதான் பெரிசு. ஒரே வேலையில் இரண்டையும் மாற்றிவிடுவதே லாபம்.

மறுபடி கசிவது ஏன்?

இன்ஜின் பிரீதர் அடைத்திருந்தால், உள்ளே அழுத்தம் கூடி புது சீலும் கசியும். ஷாஃப்ட்டில் சீல் உரசிய பள்ளம் விழுந்திருந்தாலும் அதே கதிதான். இந்த இரண்டையும் பார்க்காமல் கியர் பாக்ஸை மாட்ட விடாதீங்க.