ஊவாத் தோட்டங்களும் வரும் ஆண்டின் முதலீட்டுப் போக்குகளும்

ஆண்டு முடிவில் முதலீட்டாளர்க்கென எழுதப்படும் மதிப்பீடுகள் பெருந்தோட்டத்துறையை மூன்று அளவுகோல்களால் அளப்பது வழக்கம். கொழும்பு ஏலத்தில் தேயிலை பெறும் விலை, டொலரின் பெறுமதி, தொழிலாளரின் நாட்கூலி என்பனவே அவை. இம்மூன்றும் கருதத்தக்கனவே. ஆயினும் பதுளை மாவட்டத் தோட்டங்களை நோக்குமிடத்து, இவற்றினும் அடிப்படையான நான்காவது ஒன்று புலப்படும். மண்ணிலும் செடியிலும் இடப்படும் நெடுங்கால மூலதனமே அது. அதனையே ஈண்டு விளக்க முயல்கின்றோம்.

முதலில் சந்தையைக் காண்போம். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கெனத் தனியொரு பருவம் உண்டு. யூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவில் இறங்குகின்றது. வறட்சியால் செடியின் வளர்ச்சி தளர்கின்றது. கொழுந்திலோ மணந்தரும் பொருள்கள் மிகுகின்றன. அளவு குறைந்து தரம் உயர்கின்றது. சந்தை உவந்து வாங்கும் அப்பருவத்திலேதான் கொழுந்து பறிப்பவரின் கூடை நிறைய மறுக்கின்றது. குறித்த கிலோ எட்டாதபோது ‘அரைப்பேர்’ விழுமோ என்னும் அச்சம் அவரைத் தொடர்கின்றது.

இலங்கைத் தேயிலையின் முதன்மைக் கொள்வனவாளருள் ஈராக்கும் ரஷ்யாவும் துருக்கியும் அடங்கும். ஆதலின் மேற்காசியாவின் போரும் அமைதியும் பசறையிலும் அப்புத்தளையிலும் உணரப்படுகின்றன. இவை நம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை. உற்பத்தியின் வீழ்ச்சியோ அத்தகையதன்று. 2013இல் ஏறக்குறைய 340 மில்லியன் கிலோகிராமாக இருந்த நாட்டின் உற்பத்தி 2022இல் ஏறக்குறைய 250 மில்லியனாகச் சுருங்கியது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டமை இதற்கு ஓர் உடனடிக் காரணம். முதுமையுற்ற செடிகள் நெடுங்காலக் காரணம்.

செடிகள் ஏன் புதுப்பிக்கப்படவில்லை? 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் முகாமை 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசினுடையது, கம்பனிகளுக்குரிய 53 ஆண்டுக் குத்தகை 2045இல் முடிவுறும். மறுநடுகைக்குப் பழைய செடிகளைப் பிடுங்கி, ஏறத்தாழ ஈராண்டு புல் வளர்த்து மண்ணைத் தேற்றுதல் வேண்டும். பின்னர் நட்ட கன்று முழுப் பலன்தர மேலும் மூன்றாண்டளவில் ஆகும். 2026இல் இப்பணியைத் தொடங்குபவருக்கு எஞ்சியுள்ள 19 ஆண்டுகளுள் ஐந்து இவ்வாறு கழியும். செடியோ அதன் பின்னும் பல பதிற்றாண்டுகள் பலன்தரவல்லது. அதன் பிற்காலப் பயன் யாரைச் சேரும் என்பது உறுதியாகாதவரை இலாபநோக்குடைய மூலதனம் தயங்குவதில் வியப்பில்லை. ஆண்டுதோறும் குறையும் எஞ்சிய காலம் அத்தயக்கத்தை வலுப்படுத்துகின்றது.

இதன் சுமை இறுதியில் எவர்மீது விழுகின்றது? 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் நாட்கூலியை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்தவும், அரசின் வரவுக் கொடுப்பனவாக 200 ரூபா சேர்க்கவும் முன்மொழிந்தது. கூலி உயர்வு பேசப்படும்போதெல்லாம் தொழிலாளரின் உற்பத்தித்திறன் குறைவு எனும் வாதமும் உடன் எழுகின்றது. முதிர்ந்த செடியில், ஊட்டமிழந்த மண்ணில், எத்துணை விரைந்த கையும் பறிக்கக்கூடியது சிறிதளவே. முதலீடு செய்யாமையின் விளைவு தொழிலாளரின் குறைபாடாகக் கணக்கிடப்படுகின்றது என்பதே எமது கருத்து.

மண்ணைப் பேணாமையின் விலை கொழுந்தோடு நின்றுவிடுவதுமன்று. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளைப் புதைத்தது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியால் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளுக்கு ஆளாயிற்று. வடிகாலும் மண்காப்பும் பாதுகாப்பான வீட்டுநிலமும் தொண்டாக வழங்கப்படுவன அல்ல. அவையும் உற்பத்தி மூலதனமே.

ஆகவே வரும் ஆண்டில் ஏலவிலையோடு வேறு மூன்றையும் கவனித்தல் தகும். எத்தனை ஹெக்டேயர் மறுநடுகை செய்யப்படுகின்றது? 2045க்குப் பிற்பட்ட நில உரிமை பற்றி அரசு எப்போது தெளிவுபடுத்துகின்றது? அவ்வுரிமையில் தலைமுறைகளாக அம்மண்ணில் உழைத்தோர்க்குப் பங்கு உண்டா? விலை உயர்ந்து இவை மூன்றும் மாறாதிருப்பின், அவ்வுயர்வை வளர்ச்சி எனக் கொள்வதற்கில்லை.